செம்பனை எண்ணெயில் சுட்ட முறுக்கு
காஹாங் வட்டாரத் தீபாவளிச் சமையலின் நூறாண்டுக் கணக்கு

1981 பிப்ரவரியில், ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு சிறு வண்டு திறந்துவிடப்பட்டது. நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளராத அந்த வண்டின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. கேமரூனில் அதன் மகரந்தச் சேர்க்கை வேலையைக் கூர்ந்து ஆராய்ந்தவர் ஆர். ஏ. சையது என்ற பூச்சியியலாளர். ஆராய்ச்சிக்குச் செலவிட்டது யூனிலிவர் நிறுவனம். அதுவரை மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கை மனிதக் கையால்தான் நடந்தது. மகரந்தத்தை டால்க் பவுடருடன் கலந்து, பெண் பாளைகளைத் தேடித் தேடி ஊதிவிடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வண்டு வந்தது, அந்த வேலை போனது. குலைகளில் காய்ப்பு கூடியது.

இந்த வண்டுக்கும் தீபாவளி முறுக்குக்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய்தான். மலேசியத் தமிழர் வீடுகளில் இன்று முறுக்கு சுடுவது செம்பனை எண்ணெயில். தாத்தா பாட்டி காலத்தில் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தது. கையில் காசிருந்தால் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ. எழுபதுகளில் மலேசியாவில் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகின. எண்பதுகளில் விளைச்சலும் ஏறியது. பலகாரச் சட்டியில் எண்ணெய் மாறிப்போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனாலும், கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இது பாட்டி கைப்பக்குவம், அப்படியே செய்கிறோம்."

பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில், குளுவாங்கைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் சிறு பட்டணம் காஹாங். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் கம்போங் பேத்தா பக்கம் காட்டுப்பாதையில் திரும்புவார்கள். சுற்றிலும் செம்பனை. பெல்டா எனும் அரசு நிலத்திட்டக் குடியேற்றங்கள், தனியார் தோட்டங்கள், ஆலைகள், லாரிகள். இந்த மாவட்டத்தில் தமிழர் வந்து சேர்ந்தது ரப்பர் காலத்தில்; தங்கிப்போனது செம்பனைக் காலத்தில்.

இந்த வட்டாரத்துக் குடும்பச் செய்முறைகளைப் பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தமிழ்நாட்டிலிருந்து மாறாமல் வந்த சொத்தாக இவற்றைக் கருத முடியாது. தோட்டத்துக் கடையில் என்ன கிடைத்தது, சம்பளம் எவ்வளவு, மழை எப்போது, அடுப்பில் என்ன எரிந்தது என்பதற்கு ஏற்ப ஒவ்வொரு தலைமுறையும் திருத்தி எழுதிய கணக்கு இவை. திருத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் எதையும் தாளில் எழுதவில்லை.

அரிசி வந்த வழி

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் அனுப்புவது 1910இல் முடிந்தது. அதற்குப் பின் கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்து அழைத்து வந்ததால், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே வட்டாரத்துக் குடும்பங்கள் பல குடியிருந்தன. சேலம், வட ஆற்காடு, திருச்சி, தஞ்சை எனப் பிரிந்து கிடந்த சமையல் வழக்கங்கள் லயத்துக்கு லயம் வேறுபட்டதற்கு இது ஒரு காரணம். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் கூலி ஆட்களின் பயணத்துக்குத் தடை விதித்தது. ஊரிலிருந்து புது ஆள் வருவது சுருங்கிய அந்த ஆண்டிலிருந்து, சமையலும் இங்கேயே வளர வேண்டியதாயிற்று.

சோற்றுக்கான அரிசி பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. தோட்டத் தமிழருக்கு வாய்த்தது ரங்கூன் புழுங்கல் அரிசி. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் வேண்டியது பச்சரிசி. ஆகவே பண்டிகைக்கான பச்சரிசி தனியாகச் சேர்க்க வேண்டிய பொருளாக இருந்தது. சீனர் கடையில் பற்று வைத்து வாங்கி, '555' என்று அட்டையில் அச்சிட்ட சின்னக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது மலேசியக் கிராமங்களில் பரவிய வழக்கம். தீபாவளிக்குத் தோட்ட நிர்வாகம் கொடுக்கும் முன்பணம் அந்தப் பற்றை ஓரளவு அடைக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பலகார டப்பாக்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்ததில் அந்த முன்பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1942இல் எல்லாம் அறுந்தது. ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் பிடித்தபின் அரிசிக் கப்பல்கள் நின்றன. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர் முடிந்த பிறகும் அரிசிப் பங்கீடு சில காலம் தொடர்ந்தது. மலேசியத் தமிழர் சமையலில் மரவள்ளிக்கு ஒரு கசப்பான இடமும் ஒரு செல்லமான இடமும் சேர்ந்தே இருப்பதற்கு இந்த ஆண்டுகள்தான் காரணம். பஞ்சத்தின் நினைவாக அதைத் தொட மறுத்த பெரியவர்களும் உண்டு. அதையே துருவி, தேங்காயும் சீனியும் சேர்த்துப் பலகாரமாக்கிய வீடுகளும் உண்டு.

நெல்லே விளையாத மண்ணென்று காஹாங்கைச் சொல்லிவிடவும் முடியாது. இன்று இங்கே இயற்கை முறையில் நெல் விளைவிக்கும் பண்ணை ஒன்று இருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ரங்கூன் அரிசியை நம்பி வாழ்ந்த வட்டாரம், இப்போது நகரத்துக் கடைகளுக்குச் சிறப்பு அரிசி அனுப்புகிறது.

நான்கு பலகாரங்கள், நான்கு நுட்பங்கள்

முறுக்கு. நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுத்தம் மாவு என்பது பரவலான அளவு. அரிசி மாவில் கோதுமைக்குள்ள பசைப் புரதம் இல்லை. தனியாகப் பிசைந்தால் பிழியும்போது அறுந்துவிடும். உளுந்து அதைக் கட்டி நிறுத்துகிறது. கட்டுவது மிகுந்தால் முறுக்கு கல்லாகும். அதை உடைக்கத்தான் மாவில் வெண்ணெயோ காய்ச்சிய எண்ணெயோ சேர்ப்பது. பல மலேசிய வீடுகளில் வெண்ணெயின் இடத்துக்கு மார்ஜரின் வந்துவிட்டது. பிளாண்டா டின் இல்லாத பண்டிகைச் சமையலறை அபூர்வம். மார்ஜரினும் பெரும்பாலும் செம்பனையின் பிள்ளைதான். தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைவதும் இங்கே பலருக்குப் பழக்கம். மலாய்ச் சமையலறையும் தமிழ்ச் சமையலறையும் ஒரே தேங்காயைத் துருவிய நாட்டில் இது எதிர்பார்க்கத் தக்கதே.

எண்ணெய் மாற்றத்தால் ஒரு லாபமும் உண்டு. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு; காற்றுப் பட்டாலும் சூட்டில் கொதித்தாலும் கடலை எண்ணெயைவிட மெதுவாகவே கெடும். மூடி இறுக்கிய டப்பாவில் முறுக்கு வாரக்கணக்கில் சிக்கு வாடையில்லாமல் நிற்க அது உதவுகிறது. இதய நோய் மருத்துவர்கள் அதே நிறைவுற்ற கொழுப்பைச் சுட்டித்தான் எச்சரிக்கிறார்கள். நாவுக்கும் நாட்பட வைத்திருக்கவும் நல்லதாக இருப்பது உடம்புக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

அச்சு முறுக்கு. அரிசி மாவு, சீனி, முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால். பூ வடிவப் பித்தளை அச்சை எண்ணெயில் காயவைத்து, கரைத்த மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கி ஆட்டினால் கழன்று விழும். அச்சு சூடு குறைந்தால் மாவு ஒட்டிக்கொண்டு கழலாது. சூடு மிஞ்சினால் மாவு அச்சில் பிடிக்கவே பிடிக்காது. மேல் விளிம்பு மாவில் மூழ்கிவிட்டால் பூ அச்சை மூடிக்கொண்டு கழற்ற வராது. கற்றுத் தருகிறவர் முதலில் சொல்வது இந்த மூன்றையும்தான்.

இந்த அச்சு உலகம் சுற்றியது. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அச்சப்பம், இலங்கையில் கொக்கிஸ், தாய்லாந்தில் பூ வடிவத் தின்பண்டம், ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் பலகாரம், மெக்சிகோவிலும் ஒன்று. மலேசியாவிலோ ஒரே அச்சு நான்கு பண்டிகைக்கு உழைக்கிறது. மலாய்க்காரர் இதைக் குவே ரோஸ் என்று நோன்புப் பெருநாளுக்குச் சுடுகிறார்கள். சீனர் தேன்கூட்டு வடிவமாகப் பார்த்துச் சீனப் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். தமிழர் தீபாவளிக்கு, தமிழ்க் கிறிஸ்தவர் கிறிஸ்துமஸுக்கும். தீபாவளிக்கு முன்தினம் அக்கம்பக்கத்து மலாய், சீன வீடுகளுக்குத் தட்டு அனுப்புவதும், அவர்கள் பண்டிகையில் அந்தத் தட்டு நிறைந்து திரும்புவதும் தோட்டத்திலும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளிலும் இன்னும் நடக்கிற பழக்கம். அச்சு முறுக்கைக் கடித்துப் பார்த்து 'எங்கள் வீட்டுது வேறு மாதிரி' என்று சொல்ல மூன்று இனத்தாருக்கும் உரிமை உண்டு.

அதிரசம். நான்கிலும் கடினமானது, பழமையானதும்கூட. திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி ஆகியவற்றோடு அதிரசப்படியும் சுவாமிக்கான படித்தரங்களில் வருகிறது. ஊறவைத்து வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்த மாவு வேண்டும். வெல்லப்பாகு உருட்டுப் பதத்தில் இருக்கவேண்டும். கடையில் பையில் விற்கும் உலர்ந்த அரிசி மாவில் இது எடுபடாது: காய்ந்த மாவு பாகின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, எண்ணெயில் போட்டதும் விரிந்து சிதறும். உலக்கையும் உரலும் போய், மில்லும் போய், பைமாவு வந்த வரிசையில், வீட்டில் செய்வதைப் பலர் முதலில் கைவிட்ட பலகாரம் அதிரசமாக இருப்பதற்கு இது போதுமான காரணம். செய்கிறவர்கள் சிலர் வெல்லத்துடன் குலா மலாக்கா எனும் தென்னங்கருப்பட்டியையும் கலக்கிறார்கள். நிறம் கறுக்கும், வாசனை ஒரு படி ஏறும். இதைக் கலப்படம் என்று சொல்வது நியாயமல்ல. வெல்லம் கப்பலில் வந்தது, குலா மலாக்கா பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) கிடைத்தது.

நெய் உருண்டை. எண்ணெய்ச் சட்டியே இல்லாத பலகாரம். வறுத்தரைத்த பச்சைப்பயறு அல்லது பொட்டுக்கடலை மாவு, பொடித்த சீனி, ஏலம். மேலே கொதிக்கிற நெய்யை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். ஆறினால் உதிரும். தண்ணீர்ப் பசையே சேராததால் நாட்பட இருக்கும். கியூபிபி நெய் டின் மலேசிய இந்தியர் வீட்டுப் பண்டிகைப் பட்டியலில் முதல் வரியில் இடம்பெறுவதற்கு இந்த உருண்டையும் ஒரு காரணம்.

மழைக்கு முந்திய வேலை

தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை எப்படித் தீபாவளியோடு வருகிறதோ, அப்படியே ஜொகூரின் கிழக்குப் பக்கத்துக்கும் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் வாக்கில் வந்துவிடுகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் குளுவாங் மாவட்டமும் சிக்கியது. 2023 மார்ச்சில் மறுபடி. இந்த ஈரம் பலகாரத்தின் அட்டவணையையே எழுதுகிறது. அரிசி கழுவி உலர்த்துவது, உளுந்து வறுப்பது, மசாலாச் சாமான் காயப்போடுவது எல்லாம் வெயில் உள்ள நாட்களில் முடியவேண்டும். சுட்ட முறுக்கைச் சூடு முழுதும் ஆறுமுன் மூடினால் ஆவி வேர்த்து நமத்துவிடும். ஆறிய பின் நெடுநேரம் திறந்து வைத்தாலும் காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துவிடும். இடைப்பட்ட அந்த நேரத்தை அறிவதுதான் அனுபவம்.

வேலை நேரமும் தோட்டத்தின் கையில் இருந்தது. பால்மரம் சீவுவது விடியுமுன் தொடங்கும் வேலை. பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பின்தான் வீடு. எனவே பலகாரம் சுடுவது மாலையிலும் இரவிலும், பல வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடிச் செய்வதாக இருந்தது. இன்று ஒரு வீட்டுக்கு, நாளை மறு வீட்டுக்கு. அடுப்பில் ரப்பர் விறகு. தீயைக் கூட்டவும் தணிக்கவும் விறகை இழுத்துத் தள்ளிய அந்தக் கை, கேஸ் அடுப்பின் திருகுக்கு மாறியபோது பக்குவத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டது. ஒருத்தி பிழிய, ஒருத்தி திருப்ப, ஒருத்தி அள்ள என்று பிரிந்த வேலையில், பக்கத்து வீட்டு முறை இந்த வீட்டுக்குள் நுழைவது தவிர்க்க முடியாதது. 'எங்கள் குடும்பச் செய்முறை' என்று இன்று சொல்லப்படுவதில் பாதி, லயத்துச் செய்முறை.

படையல் என்னும் ஆவணம்

தீபாவளிக்கு முன்தினம் இறந்துபோன முன்னோருக்குப் படையல் போடுவது மலேசியத் தமிழர் வீடுகளில் உறுதியாக நிற்கிறது. வாழையிலையில் அவரவருக்குப் பிடித்தது வைக்கப்படும். தாத்தாவுக்கு ஆட்டு இறைச்சிப் பிரட்டலும் ஒரு கிளாஸ் கள்ளோ பீரோ. பாட்டிக்கு வெற்றிலை சீவலும் கருவாட்டுக் குழம்பும். புகைப்படத்துக்கு முன்னால் இலை போட்டு, கற்பூரம் காட்டி, சற்று நேரம் எல்லாரும் வெளியே நிற்பார்கள்.

சமையல் வரலாற்றை ஆராய்கிறவருக்கு இது கவனிக்க வேண்டிய இடம். மற்ற நாட்களில் குழம்பில் தக்காளி கூடலாம், கறித்தூள் மாறலாம், காரம் பிள்ளைகளுக்காகக் குறையலாம். படையலன்று அப்படி முடியாது. உண்ணப்போகிறவர் இறந்தவர், அவருக்குப் பிடித்தபடிதான் இருக்கவேண்டும். எழுதி வைக்காத சமூகம், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு உணவைப் பழைய முறையில் சமைத்துப் பார்க்கும்படி தனக்குத்தானே விதி செய்துகொண்டது. எந்த நூலகத்திலும் இல்லாத பதிவு அந்த இலையில் இருக்கிறது.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியலுக்குப் பின் இட்லி, தோசை, கோழிக் கறி, ஆட்டு இறைச்சி. இந்த ஆட்டிறைச்சியும் பெரும்பாலும் கடல் கடந்து வருவதுதான். தீபாவளியையொட்டி மலேசிய அரசு அறிவிக்கும் பண்டிகைக்கால உச்சவரம்பு விலைப் பட்டியலில் இறக்குமதி ஆட்டிறைச்சி, சின்ன வெங்காயம், தக்காளி, தேங்காய், பருப்பு போன்றவை இடம்பெறுவது வழக்கம். தமிழர் பண்டிகைச் சமையலின் சாமான் பட்டியலை அரசாங்கமே வகுத்துத் தருவதுபோல இருக்கிறது அது. எண்ணெய்க்கு வேறு ஏற்பாடு: 2016 நவம்பரில் உதவித்தொகை ஒரு கிலோ பிளாஸ்டிக் பை எண்ணெய்க்கு மட்டும் என்றானது, விலை 2 ரிங்கிட் 50 சென். முறுக்குச் சட்டிக்கு எண்ணெய் சேர்க்கிற வீடுகளுக்கு அந்தப் பை கிடைக்கிறதா இல்லையா என்பது பண்டிகையின் முதல் கேள்வி.

எந்த டின், எந்தக் காட்டி?

1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வெளியிட்டார். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்கள் பார்த்துச் சமைக்கும்படி அளவும் முறையும் தந்த அந்த நூல் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. ஆனால் அது சைவ, பிராமணச் சமையலறையின் நூல். கருவாடும் ஆட்டுக்குடலும் அச்சு முறுக்கின் முட்டையும் அதில் வர வழியில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படியொரு நூல் எழுதப்படவில்லை.

வாய்வழி வந்ததில் அளவுகள் வேறு குழம்பிக் கிடக்கின்றன. பழைய செய்முறையில் 'ரெண்டு காட்டி அரிசி' என்றால் ஏறத்தாழ 1 கிலோ 200 கிராம். ஒரு காட்டி சுமார் 605 கிராம். 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் மலேசியா மெட்ரிக்குக்கு மாறியது. காட்டி பேச்சில் மட்டும் மிஞ்சியது. 'ஒரு பால் டின் மாவு' என்பது இன்னும் சிக்கல். பழைய டின் 397 கிராம் பால் பிடித்தது; இன்றைய கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அரைக் கிலோ அளவு. மாவும் சீனியும் ஒரே டின்னால் அளந்தால் விகிதம் தப்பாது. முட்டையும் வெண்ணெயும் எண்ணிக்கையாலும் எடையாலும் வருவதால், டின் மாறினால் அங்கேதான் கணக்குப் பிசகும். அம்மாவின் கணக்குப்படி செய்தும் சரியாக வரவில்லை என்று புலம்புகிற பல மகள்களின் கைப்பக்குவத்தில் குறையில்லை, குறை டின்னில்.

எண்பதுகளுக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் குளுவாங், ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், சிங்கப்பூர் என்று பெயர்ந்தன. லயங்கள் வெறிச்சோடின, தோட்ட வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வந்தார்கள். கூடிச் சுட்ட பலகாரம், ஒரு வீடு மட்டும் சுடும் பலகாரமாகி, பிறகு ஆர்டர் கொடுத்து வாங்கும் பலகாரமாகி வருகிறது. வீட்டிலிருந்தே சுட்டு விற்கும் பெண்களுக்கு இது வருமானம். அவர்கள் செய்வதும் வீட்டுச் சமையல்தான். ஆனால் வாங்குகிறவர் வீட்டில் பக்குவம் கைமாறாமல் போகிறது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2020இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு சேர்ந்தது. கடையில் விற்பது எளிதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அங்கீகாரமும் பெறுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அடுப்படியில் நடப்பதற்கு வெளியிலிருந்து யாரும் பட்டியல் போடப்போவதில்லை. அதைச் செய்யவேண்டியவர்கள் வீட்டார்தான்.

எனவே காஹாங்கிலும் குளுவாங்கிலும், அங்கிருந்து பெயர்ந்துபோன எந்த ஊரிலும் இருக்கிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்கு மாவு பிசையுமுன் ஒரு தராசு வையுங்கள். பெரியவர் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்துப் பார்த்துக் கிராமில் எழுதுங்கள். என்ன அரிசி, என்ன எண்ணெய், எந்த ஆண்டு, யாரிடம் கற்றது, எது எப்போது ஏன் மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படையலில் யாருக்கு என்ன வைத்தீர்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். எழுதியதைப் பிள்ளைகளிடம் ஒரு பிரதியும் ஊர்த் தமிழ்ப்பள்ளியிலோ கோயிலிலோ ஒரு பிரதியும் கொடுத்து வையுங்கள்.